பத்து நாளில் நாற்பது வயது

மூன்று நாள் மணலுக்குள் புதைந்து கிடந்தும் கிற்றார் புதுசாகவே இருந்தது.

அமலதாஸ் அதைக் கிணற்றடியில் வைத்து மண்ணைத் தட்டினான். சிவப்பு நிறம் பளிச்சென்று சிரித்தது. அதில் அவனுடைய முகம் தெரிந்தது. மூன்று நாள் சவரம் செய்யாத முகம். கிற்றாரைவிட அவன்தான் பழசாகியிருந்தான்.

"இஞ்சருங்கோ, உது மங்கேல்லையே?" குசினி வாசலில் நின்று பிரேமினி கேட்டாள்.

"இல்லை. முந்தியிலும் பாக்க மினுங்குது."

"மினுங்கும் தானே. நான் சட்டி மினுக்கிறதும் உந்த மணலாலைதான். புதைக்க முதல் என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

ஜோர்ஜ் மாமா பாரிசிலிருந்து வந்து இறங்க இன்னும் ஏழே நாள்தான் இருந்தது.

எண்பத்தாறாம் ஆண்டு நாட்டைவிட்டுப் போனபோது மாமா தன் தங்கையிடம், அதாவது அமலதாசின் அம்மாவிடம், இரண்டு பொருள்களை ஒப்படைத்துவிட்டுப் போனார். ஒன்று ஊர்காவற்றுறையில் இருக்கும் இந்த வீடு. மற்றது அவருடைய சிவப்பு எலெக்ட்ரிக் கிற்றார். இடம்பெயர்ந்து ஓடியபோது வீட்டைத் தூக்கிக்கொண்டு ஓட முடியவில்லை. கிற்றாரை மட்டும் அம்மா பழைய சீலையில் சுற்றி, போன இடமெல்லாம் கொண்டு திரிந்தாள். அம்மா கண் மூடிய பிறகு அது அமலதாசின் அலுமாரிக்கு வந்தது. சனிக்கிழமைகளில் எடுத்துத் துடைத்து, திரும்ப வைப்பான். வலது முழங்கை படுகிற ஓரத்தில் பெயின்ற் உரிந்து மண்ணிற மரம் தெரியும். உடம்பெல்லாம் மயிரிழை போல வெடிப்பு. பெரிய கலைஞன் ஒருவனின் கை பட்ட பொருள் என்று பார்த்த உடனே விளங்கும்.

இவ்வளவு காலம் தப்பிப் பிழைத்த கிற்றாரைத்தான், போன வருடம் நெடுந்தீவில் நடந்த ஒரு கலியாண வீட்டில் கொஞ்சம் எடுப்புக் காட்டுவதற்காக அமலதாஸ் யாருக்கும் சொல்லாமல் கொண்டுபோனான். திரும்பி வரும்போது குறிகட்டுவானில் படகிலிருந்து துறைக்குக் கால் வைத்தான். தோளிலிருந்த வார் கழன்றது. தொபுக்கென்று ஒரு சத்தம். மூன்று பேர் குதித்துத் தேடினார்கள். ஒருவனுக்கு யாரோ தொலைத்த செருப்பு ஒன்று கிடைத்தது. கிற்றார் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகும் மாமா மாதமொருமுறை போனில் கேட்பார். "மருமோன், கிற்றார் கவனம் தானே?"

"ஓம் மாமா. கிடந்தது கிடந்தபடி."

அது முழுப் பொய்யுமில்லை. கடலுக்கு அடியில் அது கிடந்தது கிடந்தபடிதான் கிடந்திருக்கும்.

போன கிழமைதான் போனில் குண்டு விழுந்தது. "மருமோன், நானும் மாமியும் வாறம். இந்த முறை கிற்றாரைக் கொண்டுபோகப் போறன். பேரப்பிள்ளையள் நான் வாசிச்சனான் எண்டால் நம்புதுகள் இல்லை."

அமலதாஸ் அன்றைக்கே யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறி, அதே நிறத்தில் அதே வடிவத்தில் புதுக் கிற்றார் ஒன்றைத் தேடிப் பிடித்தான். அதற்குப் பத்து நாளில் நாற்பது வயதாக வேண்டும். அதில் மூன்று நாளை மணல் தின்றுவிட்டது.

"அன்ரனிதாசைக் கூப்பிடுங்கோவன்" என்றாள் பிரேமினி.

பக்கத்து வளவு அன்ரனிதாஸ் பைபர் படகு திருத்துகிறவன். பழைய படகைப் புதுசாக்குவதில் தீவுப் பக்கம் முழுக்கப் பேர் எடுத்தவன். கிற்றாரை இரண்டு கையாலும் தூக்கி, படகின் அடிப்பக்கம் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"மச்சான், இருபது வருசமாய்ப் பழசைப் புதுசாக்கிறன். அதைத் திருப்பிச் செய்யிறது தானே. என்ன பெரிய வேலை?"

கம்பிகளையும் உள் வயர்களையும் கழற்றி வைத்துவிட்டு சாண்ட்பேப்பரை எடுத்தான். கை பழகிய கை. பத்தே நிமிடத்தில் ஓரத்துப் பெயின்ற் போய்விட்டது. உள்ளேயிருந்து பால் வெள்ளையில் மரம் எட்டிப் பார்த்தது.

"கிழவனுக்குப் புதுப் பல்லுக் கட்டின மாதிரிக் கிடக்கு" என்றான் அமலதாஸ்.

"மரத்துக்கு நிறம் காணாது. அவ்வளவுதான். தேத்தண்ணிச் சாயம் பூசுவம். பிரேமினி, நல்ல கடுஞ்சாயமாய் ஒரு சட்டி ஊத்தும்."

பிரேமினி ஊற்றிக் கொடுத்தாள். துணியில் தோய்த்துத் தோய்த்துப் பூசினார்கள். நிறம் அருமையாகப் பிடித்தது. அமலதாஸ் அன்று நிம்மதியாகச் சாப்பிட்டான்.

விடிய எழும்பிப் பார்த்தபோது கிற்றார் கறுப்பாக இருந்தது. கிட்டப் போனால் கறுப்பு அசைந்தது.

"பிரேமினி! சாயத்துக்குச் சீனி போட்டனீரே?"

"அன்ரனிதாஸ் அண்ணை சீனி இல்லாமல் குடிக்க மாட்டார் எண்டு போட்டனான்."

"அவர் குடிக்கக் கேக்கேல்லை!"

"வீட்டுக்கு வந்த மனிசன் தேத்தண்ணி கேட்டால் நான் என்னண்டு நினைக்கிறது?"

எறும்பு கிற்றாரின் ஒவ்வொரு துளைக்குள்ளும் குடியேறியிருந்தது. அமலதாஸ் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தான். எறும்பு போனது. கூடவே சாயமும் ஓடி, சிவப்பின் மேல் திட்டுத் திட்டாக, தீவுகளின் வரைபடம் மாதிரிப் படிந்துவிட்டது.

அன்ரனிதாஸ் வந்து பார்த்துவிட்டு நாடியைச் சொறிந்தான். "திட்டு மறையவேணுமெண்டால் வெடிப்பு வரவேணும். நான் போனிலை ஒரு வீடியோ பாத்தனான். வெளிநாட்டிலை உதை நல்லாய்க் குளிரிலை வைச்சிட்டு டக்கெண்டு சூட்டுக்கு எடுக்கிறாங்கள். பெயின்ற் கோடு கோடாய் வெடிக்குது. அந்தக் குளிருக்கு நாங்கள் எங்கை போறது?"

அமலதாசின் முகம் மலர்ந்தது. அவன் கடற்றொழிலாளர் சங்கத்தில் கிளாக்கர். மீன் அடுக்குகிற ஐஸ் பெட்டிகள் அவனுடைய மேசைக்குப் பின்னால்தான் இருந்தன.

மறுநாள் காலை கிற்றாரைப் பொலித்தீன் பையில் கட்டி, மூலையில் இருந்த பெட்டியொன்றில் படுக்க வைத்து, ஐஸ் போட்டு மூடினான். பின்னேரம் எடுத்து வெயிலில் வைக்கிற திட்டம். மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தான். மூலை வெறுமையாக இருந்தது.

"இதிலை இருந்த பெட்டி எங்கை?"

"பாரை மீன் கூடப் பட்டிட்டுது அண்ணை. பெட்டி போதாமல் போச்சு. அதிலை பாதி ஐஸ் கிடந்தது, மேலை மீனைப் போட்டு ஏத்திவிட்டம்" என்றான் தராசடியில் நின்றவன். "லொறி இப்பதான் கொழும்புக்கு வெளிக்கிட்டது."

அமலதாஸ் மோட்டார் சைக்கிளில் பாய்ந்து ஏறினான். வேலணையில் லொறி தெரியவில்லை. அல்லைப்பிட்டியில் தூரத்தில் பின்பக்கம் தெரிந்தது. மண்டைதீவுச் சந்தியில் எட்டிப் பிடித்து, கையைக் காட்டி, கத்தி, குறுக்கே விட்டு மறித்தான். டிரைவர் கதிர்காமு தலையை வெளியே நீட்டினார்.

"என்ன கிளாக்கர், ஆரும் செத்துப் போச்சினமே?"

"இன்னும் இல்லை அண்ணை. ஒரு பெட்டியைத் திறந்து பாக்கவேணும்."

"எந்தப் பெட்டி?"

அது அமலதாசுக்குத் தெரியாது. றோட்டுக் கரையில் ஒவ்வொரு பெட்டியாக இறக்கித் திறந்தார்கள். சந்தியில் நின்றவர்கள் கூடினார்கள். ஏழாவது பெட்டியில், பாரை மீன்களுக்குக் கீழிருந்து, நீளமான கழுத்தொன்று வெளியே வந்தது.

கதிர்காமு அதையும் அமலதாசையும் மாறி மாறிப் பார்த்தார். "கொழும்பிலை இதைக் கறியும் வைக்கினமே?"

பை கிழிந்திருந்தது. ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட அதை வெளியே எடுத்து, கொதிக்கிற தார் றோட்டோரத்தில் வைத்தான். சட் என்று மெல்லிய சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சிவப்புப் பெயின்ற் முழுவதும் மயிரிழை மயிரிழையாக வெடித்து ஓடியது. தேயிலைத் திட்டுகள் அந்தக் கோடுகளுக்குள் கலந்து மறைந்தன. அமலதாசுக்கு அழுகை வந்தது. அப்படியே பழைய கிற்றார்!

வீட்டுக்கு வந்த பிறகுதான் மூன்று பூனைகள் பின்னால் வந்திருப்பதைக் கவனித்தான்.

நாலு நாள் தேசிக்காய் வெட்டிப் புளியைத் தேய்த்தார்கள். பவுடர் போட்டார்கள். வெயிலில் காயவிட்டார்கள். கம்பிகளைப் பூட்டினார்கள். பாரை நாற்றம் மட்டும் போக மாட்டேன் என்றது. மாமா வருகிற நாள் காலையிலும் பூனைகள் வாசலைவிட்டு நகரவில்லை.

"சாம்பிராணி பிடிப்பம்" என்றாள் பிரேமினி. தணலைச் சட்டியில் கொண்டுவந்து வைத்தாள். அமலதாஸ் கிற்றாரைப் புகைக்கு மேலே தலைகீழாகப் பிடித்தான். புகை மண்டிய நேரம் பார்த்துச் சட்டைப் பையில் போன் அடித்தது.

"மருமோன், பண்ணைப் பாலத்தாலை வந்துகொண்டிருக்கிறம்!"

போனைப் பிடித்த அவசரத்தில் மற்றக் கை நழுவியது. கிற்றாரின் தலைப்பகுதி தணலுக்குள் குத்தியது. இழுத்து எடுப்பதற்குள் விரல் அகலத்தில் கருகிவிட்டது.

அமலதாஸ் நிலத்தில் குந்திவிட்டான். மாமாவின் கிற்றாரில் இப்படி ஒரு சுட்ட அடையாளம் இருந்ததேயில்லை.

"உண்மையைச் சொல்லிப்போடுங்கோ" என்றாள் பிரேமினி. இந்த முறை அவளுடைய குரலில் பகிடி இல்லை.

"என்னண்டு சொல்லுறது? என்னைப் படிப்பிச்ச மனிசன். குடியிருக்க வீடு தந்த மனிசன். அவர் கேட்டதெல்லாம் இந்த ஒரு சாமானைக் கவனமாய்ப் பார் எண்டுதானே." அவன் முகத்தைத் துடைத்தான். "சரி. சொல்லத்தான் வேணும். தேத்தண்ணி குடிச்ச உடனை சொல்லுறன்."

தேத்தண்ணி குடிக்க மாமா விடவில்லை. வானிலிருந்து இறங்கிய கையோடு, "எங்கை அவன்?" என்று கேட்டுக்கொண்டு நேரே உள்ளே வந்தார். எழுபது வயதிலும் தலைமயிரைப் பின்னால் இழுத்து வாரியிருந்தார். பின்னால் ஜெனீற்றா மாமி பைகளோடு மெதுவாக வந்தா.

அமலதாஸ் அலுமாரியைத் திறந்து கிற்றாரை எடுத்துக் கொடுத்தான். "மாமா, ஒரு விசயம் சொல்லவேணும்…"

"பொறும்." மாமா கதிரையில் இருந்து அதை மடியில் வைத்தார். கண்ணை மூடி மூக்கருகே கொண்டுபோனார். அமலதாஸ் வாசலில் நின்ற பூனைகளைப் பார்த்தான்.

"கடல் வாசம்!" என்றார் மாமா. குரல் தழுதழுத்தது. "எங்கடை ஊர்க் கடல் வாசம். பாரும் ஜெனீற்றா, நாற்பது வருசமாகியும் போகேல்லை!"

மாமி தலையாட்டினா.

"இந்த ஓரம் பாத்தீரே மருமோன்? என்ரை முழங்கை பட்டுத் தேஞ்சது. எத்தினை மேடை! இந்த வெடிப்பு என்னெண்டு வந்தது தெரியுமே? நுவரெலியாவிலை ஒரு ஹோட்டல் கச்சேரி. மார்கழிக் குளிர். வாசிச்சுக்கொண்டிருக்கேக்கை சட், சட்டெண்டு வெடிச்சது."

"அந்தச் சத்தம்தான் மாமா" என்று அமலதாஸ் தன்னை மறந்து சொல்லிவிட்டான்.

மாமா தலைப்பகுதிக்கு வந்தார். கருகிய இடத்தில் விரல் நின்றது. அமலதாஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஆ… இது! மறந்தே போனன். யாழ்ப்பாணத்திலை ஒரு மேடை. கறண்ட் போயிட்டுது. சனம் எழும்ப மாட்டன் எண்டுது. மெழுகுதிரியைக் கொளுத்தி வைச்சு வாசிச்சனான். அதிலை சுட்டது." காயத்தைத் தடவுவதுபோல அதைத் தடவினார். "என்ன ஒரு காலம்!"

அமலதாஸ் கண்ணைத் திறந்து, காலையில் தான் சுட்ட அந்த இடத்தைப் பார்த்தான். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தான். மனிசன் பகிடி விடவில்லை. உண்மையாகவே கண் கலங்கியிருந்தார். கம்பியில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "சுருதி இறங்கிப் போச்சு" என்று கிற்றாரை மெல்லக் கதிரையில் சாத்தினார்.

"சரியாய்க் காப்பாத்தி வைச்சிருக்கிறீர் மருமோன். உம்மை நம்பினது வீண் போகேல்லை." தோளில் தட்டிவிட்டு, பக்கத்து வளவில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அன்ரனிதாசோடு கதைக்க முற்றத்துக்குப் போனார்.

பத்து நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சு அமலதாசுக்கு அப்போதுதான் வெளியே வந்தது. கால் உளைந்தது. பசித்தது. வாழ்க்கை நன்றாகத்தான் இருந்தது.

திரும்பிப் பார்த்தான். மாமி கிற்றாரை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றா. தேய்ந்த ஓரத்தில் பெருவிரலால் தடவி, நகத்தால் மெல்லச் சுரண்டி, அமலதாசை நிமிர்ந்து பார்த்தா.

"மாமி, நான்…"

மாமி முற்றத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினா.

"வலு திறமாய்ச் செய்திருக்கிறீர் தம்பி. இவர் ஒரு நாளும் ஒரு மேடையும் ஏறினதில்லை. அந்த முதல் கிற்றாரைக் கடையிலை வாங்கின கிழமையே, இவர் பெரிய வாசிப்புக்காரன் எண்டு ஊரை நம்பப் பண்ண, நான்தான் கணவாய் மீன் ஓட்டாலை உரஞ்சிப் பழசாக்கினனான். எனக்கு இவ்வளவு வடிவாய் வரேல்லை."