பகா அண்ணனின் ஏழு கோடி

கொடைக்கானல் ஏரியைச் சுற்றி என் ரத்தக் கொதிப்பை ஏற்றிவிட்ட ஆள் ஒருவர்தான். வாடகை சைக்கிள் கடை பகா அண்ணன். அடுத்த கடை என் தைலக் கடை. நான் என்ன பாவம் செய்தேனோ!

பகா எண் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாத எண். நாமெல்லாம் பரீட்சையோடு மறந்துவிட்டோம். இவர் மறக்கவில்லை. கடையில் இருப்பது பதினோரு சைக்கிள். நம்பரோ 2, 3, 5, 7 என்று தாவித் தாவி 31இல் முடியும். மிச்சம் இருபதை எங்கே ஒளித்திருக்கிறார் என்று ஓர் அதிகாரி வந்து கொட்டகை முழுக்கத் தேடினார்.

"நாலாம் நம்பர் எங்கய்யா?"

"நாலு ரெண்டால வகுபடுங்க. அதையெல்லாம் நம்ம கடையில சேக்குறதில்லைங்க."

அந்த அதிகாரிக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பியவன் நான்.

பலகையிலாவது கடைப் பெயரை எழுதக் கூடாதா? தகரத்தில் வெட்டிய எட்டு இலக்கங்கள்: 73939133. சுற்றுலா வருகிறவர்கள் போன் நம்பர் என்று நினைத்து, இரண்டு இலக்கம் குறைகிறதே என்று என்னிடம் வந்து சண்டை பிடிப்பார்கள். அண்ணனிடம் கேட்டால் தொடங்கிவிடுவார்.

"அது பகா எண்ணுலே. கடைசில நிக்கிற மூணத் தூக்கிரு, மிச்சமும் பகா எண்ணு. இன்னொண்ணத் தூக்கு, அதுவும் அப்படித்தான். ஏழு மட்டும் நிக்கிற வரைக்கும் ஒருத்தனும் வகுக்க முடியாது. இந்தக் குணத்துல இதைவிடப் பெரிய நம்பர் கெடையாது. ரெண்டு மழைக்காலம் ஒக்காந்து கையாலயே வகுத்துப் பாத்தேன்!"

"போன்ல ஒரு நொடியில பாத்திருக்கலாமேண்ணே?"

"எனக்குப் பசிச்சா போனா சாப்புடும்?"

போன ஐப்பசிக் காற்றில் கடைசி 3 பறந்து ஏரிக்குள் விழுந்தது. "இப்பவும் பகா எண்ணுதான்" என்று அவர் நிம்மதியாக இருந்தார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. திண்டுக்கல் போனபோது தகர இலக்கம் தேடினேன். 3 இல்லை, 2 இருந்தது. ஏழு கோடியில் ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று வாங்கி வந்து, காலையில் அவர் வருவதற்கு முன்பே போய் ஆணியடித்தேன்.

"ஏலே! ரெட்டப்படையாக்கிட்டியேலே! இனிமே கண்ட பயலும் ரெண்டால வகுத்துட்டுப் போவானேலே!"

ஏரிச் சாலையே நின்று வேடிக்கை பார்த்தது. செய்த உதவிக்கு இந்தத் திட்டா? நானும் பதிலுக்குக் கத்தினேன். அத்தோடு பேச்சு நின்றது. அவர் தனி ஆள், நானும் அப்படித்தான். மத்தியானம் அவர் கடையில் சேர்ந்துதான் சாப்பிடுவோம். அதுவும் போயிற்று. தைல வாடையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள், அப்போது தெரியும் என் நிலைமை.

பன்னிரண்டாம் நாள் மானத்தை விட்டுவிட்டுப் போனேன். முகத்தைக்கூடத் திருப்பாமல், "நாளைக்கு வா" என்றார். பதிமூன்று பகா எண்ணாம்! போகவே கூடாது என்றுதான் இருந்தேன். போனேன்.

பலகையில் 2 இல்லை. நான் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு மேலே, சுவரில் இருந்தது.

"ரெட்டப்படைல பகா எண்ணு இது ஒண்ணுதாம்லே. தப்பான எடத்துல நின்னுருச்சு, அம்புட்டுத்தான். வெரசா ஒக்காரு, சோறு ஆறுது."

நடுரோட்டில் திட்டியதற்கு இன்றுவரை அவர் வருத்தம் தெரிவிக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. அந்த 2க்குக் கீழே வேறு யாராவது வந்து உட்கார்ந்தால், அதைவிடக் கோபம் வருகிறது.