மிச்சக்காரர் பொருத்திய கட்டில்

மனிதர்களில் மிச்சக்காரர் என்று ஓர் இனம் உண்டு. சிக்கனமாகக் குடும்பம் நடத்துகிறவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் வேறு, அவர்களால் யாருக்கும் இடுப்பு உடைவதில்லை. நான் சொல்லும் மிச்சக்காரர், அட்டைப்பெட்டியில் துண்டு துண்டாக வரும் நாற்காலி, அலமாரி, கட்டில் எதுவானாலும் தம் கையாலேயே பொருத்தி முடித்து, நெற்றி வியர்வையை வழித்து உதறிவிட்டு, இடுப்பில் கைவைத்து நிமிரும்போது, காலடியில் ஒரு பிடி திருகாணிகள் மீந்து கிடக்கக் காண்பவர். கண்டும் கலங்காதவர். கலங்கினால் அவர் இந்த இனத்தில் சேர்த்தி இல்லை.

“எக்ஸ்ட்ராவா குடுத்திருக்கான்” என்பார்.

யார் கொடுத்தது? நாற்காலியின் கால் அடியில் ஒட்டும் ரப்பரைக்கூட நாலில் மூன்றாகக் குறைக்க முடியுமா என்று யோசிக்கும் தொழிற்சாலைக்காரர், இவருக்காக மட்டும் மனமிரங்கி எட்டுத் திருகாணிகளை அள்ளிப் போட்டிருக்கிறாராம். உலகத்தில் இவர் வேறு யாரையும் இந்த அளவுக்கு நம்புவதில்லை. மருமகனை நம்பமாட்டார், மருத்துவரை நம்பமாட்டார், வானிலை அறிக்கையை நம்பமாட்டார்.

இவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். பெட்டியைப் பிரித்ததும் முதலில் கையில் வருவது பொருத்தும் முறை அச்சடித்த தாள். அதை எடுத்து விரித்து, தரை உறுத்தாமல் இருக்க முழங்காலுக்கு அடியில் போட்டுக்கொள்வார். அந்தத் தாளில் எழுத்தே கிடையாது, எல்லாம் படம். படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்று போட்டது. படிக்கத் தெரிந்த இவர், ஆகவே அது தமக்கு இல்லை என்று எடுத்துக்கொள்கிறார். அடுத்து, எல்லா உறைகளையும் கிழித்து எல்லாத் திருகாணிகளையும் ஒரே தட்டில் கொட்டிக் கலப்பார். அதற்கப்புறம் மனைவியைக் கூப்பிடுவார். ஸ்க்ரூ டிரைவர் எங்கே என்று கேட்பார். அது அவருடைய முழங்காலுக்கு அடியில் இருக்கும். அந்தத் தாளோடு.

சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அதுதான் சங்கடம். சோம்பேறியைத் திட்டலாம். சட்டை நனைய உழைத்து, விரலில் ரத்தக் கீறலோடு நிற்பவரை எந்த வாயால் திட்டுவது? வீடே வாயை மூடிக்கொள்கிறது. செருப்பு அலமாரி சுவரில் சாய்ந்தபடி வருஷக்கணக்கில் நிற்கிறது.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதனால் மிச்சக்காரர்களைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒருவரை மட்டும் உங்களுக்கு அறிமுகப்படுத்தினால் போதும். மற்றவர்கள் எல்லாம் அவருடைய நகல்கள்.

அவர் ஒரு கூரியர் அலுவலகத்தின் மேலாளர். நாள் முழுக்கப் பெட்டிகளோடு பழகியவர். எதையும் திறந்து பார்க்கும் வேலை மட்டும் அவருக்கு இல்லை. அவருடைய மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை செய்து, பகல் மூன்று மணிக்கு ஆம்புலன்ஸில் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. விழுந்ததில் மாப்பிள்ளைக்குப் பங்கில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குளியலறையில் இருந்ததெல்லாம் கொத்தனார் கட்டியது.

மருத்துவர் மகளை, அதாவது மேலாளரின் மனைவியை, கூப்பிட்டு இரண்டே விஷயம் சொல்லியிருந்தார். கட்டில் முழங்கால் உயரம் இருக்க வேண்டும், ஆடக் கூடாது. இன்னொரு முறை விழுந்தால் தம்மிடம் அழைத்துவர வேண்டாம், தம்மால் செய்யக்கூடியது அதற்குமேல் ஒன்றும் இல்லை. மகள் பள்ளி ஆசிரியை. இதை என்னிடம் இரண்டு தடவை சொன்னாள், இரண்டு தடவையும் அதே வார்த்தைகளில்.

வீட்டில் இருந்த கட்டில் உயரம் போதாது. புதுக் கட்டில் அன்று காலையில்தான் வந்து இறங்கியது. கடைக்காரர் மறுநாள் ஆள் அனுப்பிப் பொருத்தித் தருவதாகச் சொன்னார். மாப்பிள்ளை வேண்டாம் என்றுவிட்டார். ஆணி வேண்டாம், பசை வேண்டாம், ஆசாரி வேண்டாம், அரை மணி நேரம் போதும் என்று பெட்டியின் மேலேயே போட்டிருந்தது. பெட்டிக்கு வெளியே இருப்பதை மிச்சக்காரர் கண்டிப்பாகப் படிப்பார்.

நான் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது கட்டில் முடிகிற நிலையில் இருந்தது. பன்னிரண்டரை வரைக்கும் அதே நிலையில்தான் இருந்தது.

இந்த மாதிரிக் கட்டிலில் எல்லாச் சூட்சுமமும் மூட்டில் இருக்கிறது. ஒரு பலகையின் விளிம்பில் குமிழ்த் தலை வைத்த போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்ப் பலகையில் ஒரு குழி. அதில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் இரும்புப் பூட்டு உட்கார வேண்டும். பூட்டின் முகத்தில் ஓர் அம்புக்குறி. அம்பு போல்ட் வரும் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பலகையையும் சேர்த்துப் பூட்டை அரைச் சுற்றுத் திருகினால், அது போல்ட்டின் தலையைக் கவ்விக்கொள்ளும். பலகை பக்கவாட்டில் நழுவாமல் இருக்க இரு பக்கமும் விரல் பருமனில் மரக்குச்சிகள். நீளக் கட்டிலானால் நடுச் சட்டத்துக்கு அடியில் ஒரு குட்டைக் கால். அவ்வளவுதான்.

மாப்பிள்ளை பூட்டுகளைக் குழியில் போட்டிருந்தார். அம்புகள் ஆளுக்கொரு திசையைப் பார்த்தன.

“இந்த அம்பு எல்லாம் எதுக்குங்க?” என்று மகள் கேட்டாள்.

“சும்மா டிசைனுக்கு.”

மரக்குச்சிகளைக் காட்டிக் கேட்டாள். வண்டியில் வரும்போது பலகைகள் இடித்துக்கொள்ளாமல் இருக்க வைத்தது என்று விளக்கம் வந்தது. தம் அலுவலகத்திலும் இப்படித்தான் வைப்பார்களாம். குட்டைக் காலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவராகவே எடுத்துக் காட்டினார்.

“பாருங்க, கட்டிலுக்கு எங்கேயாவது அஞ்சு கால் இருக்குமா? வேற எவன் பெட்டியிலேயோ போட வேண்டியதை இதுல போட்டிருக்கான்.”

அந்த வேறொருவன் இப்போது ஒரு கால் குறைந்து திண்டாடுவானே என்று உண்மையாகவே அனுதாபப்பட்டார். நல்ல மனிதர்.

அதன்பின் மெத்தை வந்தது. மெத்தை மேல் விரிப்பு வந்தது. விரிப்புப் போட்டுவிட்டால் எந்தக் கட்டிலும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். குச்சிகள் எட்டு, போல்ட்டுகள் நான்கு, குட்டைக் கால் ஒன்று. எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினார். டப்பா ஏற்கெனவே முக்கால்வாசி நிரம்பியிருந்தது. மகள் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலையணை உறை எடுத்துவரச் சொல்லி அவளை உள்ளே அனுப்பிவிட்டார்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. நாங்கள் படுத்துப் பார்க்காத படுக்கையில் நோயாளியைப் படுக்க வைப்பதில்லை. அன்று நான் படுக்கவில்லை. என் எடை நாற்பத்தாறு கிலோ. வரப்போகிற அம்மாவின் எடை மருத்துவமனைச் சீட்டில் எழுபத்தெட்டு.

“தம்பி, நீங்க கொஞ்சம் படுங்க” என்றேன்.

“நானா? எனக்கு என்ன?”

“உங்களுக்கு ஒண்ணும் இல்ல. நீங்களும் அம்மாவும் ஏறக்குறைய ஒரே எடை.”

படுத்தார். கட்டில் தாங்கியது. உறையோடு திரும்பி வந்த மனைவியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார்.

“படுத்தா போதாதுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவங்களைத் திருப்பிப் படுக்க வைக்கணும். இடது பக்கம் புரளுங்க.”

புரண்டார். எங்கோ விரல் சொடுக்குவதுபோல ஒரு சத்தம். புது மரம், செட் ஆகிறது என்றார்.

“இப்ப வலது பக்கம்.”

வலது பக்கப் பலகை தன் வழியே போனது. நடுச் சட்டம் அதன் வழியே போனது. மெத்தையும் விரிப்பும் மாப்பிள்ளையுமாக, நிதானமாக, மேல் மாடியிலிருந்து லிஃப்ட் இறங்குவதுபோலத் தரைக்கு இறங்கினார்கள். சிறிது நேரம் கூரையைப் பார்த்தபடி அப்படியே கிடந்தார்.

“மெத்தை ரொம்ப கனம்” என்றார்.

மகள் கிட்டே வந்து, தரையில் கிடந்த கணவரையும் பார்க்காமல் கட்டிலையும் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்றேகால். அதன்பின் குனிந்து, மூலையில் சுருண்டு கிடந்த தாளை எடுத்து, முழங்கால் பதிந்த கசங்கலைச் சுவரில் வைத்து உள்ளங்கையால் நீவினாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து தரையில் கவிழ்த்தாள்.

“ஒண்ணாம் படம். குச்சி. ரெண்டு ரெண்டா வைங்க” என்றாள். வகுப்பில் பேசும் குரலாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்து குச்சியை எடுத்தார்.

நான் பலகையைத் தாங்கிப் பிடித்தேன். நோயாளியைத் தாங்குவதைவிட இது எளிது. பலகை வாய் திறக்காது. மூன்றாம் படம் வந்தபோது அவள் அம்புக்குறி என்று மட்டும் சொன்னாள். அவர் அம்பை போல்ட்டின் பக்கம் திருப்பி வைத்து, பலகையைச் சேர்த்து, அரைச் சுற்றுத் திருகினார். டக்கென்று கவ்வியது. அவர் முகத்தில் ஓர் ஆச்சரியம் வந்து உடனே போய்விட்டது.

“இப்பதான் சரியா விழுது. காலையில மரம் சுருங்கி இருந்திருக்கும்” என்றார்.

எப்படியோ விழுந்தால் சரி. ஒவ்வொரு மூட்டாகக் கவ்வியது. குட்டைக் கால் நடுச் சட்டத்துக்கு அடியில் போய் நின்றபோது, அது தனக்கென்று ஓர் இடம் இருந்ததைக் கடைசியில் நிரூபித்துவிட்ட மாதிரி எனக்குத் தோன்றியது. மணி இரண்டு ஐந்து. அரை மணிக்குப் பதில் ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. பெட்டியின் மேல் போட்டிருந்தது அவ்வளவு பொய் இல்லை.

மாப்பிள்ளை தரையைத் தடவினார். பெட்டியைக் குலுக்கிப் பார்த்தார். அட்டை மடிப்புகளுக்குள் விரல் விட்டுத் துழாவினார்.

“ஒண்ணுமே மிஞ்சலையே” என்றார். குரலில் கவலை. “எங்கேயோ தப்பு பண்ணிட்டோம்.”

அவரையே திரும்பவும் படுக்கச் சொல்லி, இடமும் வலமும் மூன்று தடவை புரளவிட்டேன். மூச்சுக் காட்டவில்லை கட்டில். சத்தம் போட்டது அவருடைய முதுகுதான்.

மூன்று பத்துக்கு ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் மாடிக்கு ஏற்றி, கட்டிலில் இறக்கி, கால்களுக்கு இடையில் தலையணை வைத்து அம்மாவைச் சாய்த்துப் படுக்க வைத்தேன். அவர் வலியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இரண்டு கையாலும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“இதை யாரு மாட்டினது?”

மகள் என்னைப் பார்த்தாள். நான் மருந்துச் சீட்டைப் பார்த்தேன்.

“நான்தான் அத்தை” என்றார் மாப்பிள்ளை.

அம்மாவின் பிடி இறுகியது. வாசலில் சாய்ந்து நிற்கும் செருப்பு அலமாரியைத் தாண்டித்தானே அவரைத் தூக்கி வந்தோம்.

“மிச்சம் எவ்வளவு?”

“ஒண்ணும் இல்ல அத்தை. எல்லாம் உள்ள போயிடுச்சு.”

அம்மா மகளைப் பார்த்தார். மகள் தலையசைத்தாள். கைகள் ஒவ்வொன்றாக விளிம்பை விட்டன.

“எனக்கு உள்ள மூணு ஸ்க்ரூ போட்டிருக்கேன்னு டாக்டர் சொன்னாரு” என்றார் அம்மா. “அவருக்கு ஏதாவது மிஞ்சிச்சான்னு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுடுங்க மாப்பிள்ளை.”

மகள் சிரித்தாள். அன்று அவளிடமிருந்து நான் கேட்ட முதல் சிரிப்பு. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நான் அவரை மெதுவாக இடப்பக்கம் திருப்பினேன். கட்டில் அசையவில்லை.

மாப்பிள்ளை கூடத்துக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தார். திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அலுவலகத்து நண்பர் யாரோ புது மேஜை வாங்கியிருக்கிறார் போலிருக்கிறது. ஆசாரியெல்லாம் எதற்கு, ரொம்ப ஈஸி, நான் இன்றைக்குத்தான் ஒரு முழுக் கட்டிலைத் தனியாக முடித்தேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், பேப்பரைப் பார்த்துக் குழப்பிக்கொள்ளாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நண்பரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என் முகவரியைக் கொடுத்து வைத்திருப்பேன்.

நீங்கள் இவ்வளவு நேரமும் உங்கள் அண்ணனையோ மைத்துனரையோ நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். நல்லது. இப்போது ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டு இழுப்பறையிலோ பரணிலோ ஒரு டப்பா இருக்கும். எந்தச் சாமானோடு வந்தது என்று நினைவில்லாத நாலு திருகாணி, இரண்டு மரக்குச்சி, திருகாணி முடுக்கும் வளைந்த சாவி ஒன்று அதில் கிடக்கும். தூக்கிப்போட மனம் வராமல், எப்போதாவது உதவும் என்று எடுத்து வைத்திருப்பீர்கள். அவற்றுக்கு உதவ ஓரிடம் இருந்தது. அநேகமாக, இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில்.

பதற வேண்டாம். சடக்கென்று எழவும் வேண்டாம். கைப்பிடியை நம்பாமல், இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி ஊன்றி, உடம்பை முன்னால் சாய்த்து, பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்திருங்கள். இடுப்பில் மூன்று திருகாணி போட்டவர்களுக்கும் நான் இதையேதான் சொல்லிக்கொடுக்கிறேன்.