நான்கு நிமிடத்தில் கிரிவலம்

எனக்கு அடக்கம் கொஞ்சம் கம்மி. புரோகிராமிங் படிக்கத் தொடங்கிய ஆறே வாரத்தில் அது சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது.

வகுப்பில் பயிற்சிக்கு ஒரு கால்குலேட்டர் செய்யச் சொன்னார்கள். "அதான் எல்லார் போன்லயும் இருக்கே, நான் வேற எதுக்குச் செய்யணும்?" என்று கேட்டுவிட்டு வகுப்பிலிருந்து எழுந்து வந்துவிட்டேன். (பி.காம். முடித்த திமிர்.) வீட்டில் அப்பா வேறு கெடு வைத்திருந்தார்.

"பௌர்ணமி வரைக்கும் டைம். அதுக்குள்ள உருப்படியா எதனா செஞ்சு காட்டு. இல்லன்னா பேசாம பி.எட். சேந்துடு."

எனக்கு பி.எட். வேண்டாம். இந்த வேலைதான் வேண்டும் என்று உள்ளுக்குள் அழுகிற அளவுக்கு ஆசை.

அந்தப் பௌர்ணமிக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, கிரிவலம் வந்தார். முட்டிவலி தீர்ந்தால் வெறுங்காலோடு மலையைச் சுற்றுவதாக வேண்டுதல். விட்டேனா நான்? அவர் ராஜகோபுரத்துக்கு வந்து சேர்ந்ததும் "கிரிவலம் நிறைவு" என்று, எடுத்துக்கொண்ட நேரத்தோடு, சொந்தம் பூராவுக்கும் தானாக எஸ்.எம்.எஸ். போகிற மாதிரி ஒரு செயலி எழுதி அவர் போனில் ஏற்றினேன். அதற்கு முன் வீட்டிலிருந்து கோபுரம் வரை ஸ்கூட்டியில் போய்ச் சோதித்தும் பார்த்தேன். கோபுரம் வந்ததும் செய்தி வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

விடியற்காலை ஐந்து மணிக்கு மாமா செயலியைத் தொடங்கிவிட்டு, கோபுரத்தின் எதிரே கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார். ஆமாம், கிரிவலம் தொடங்குவதும் அங்கேதான், முடிவதும் அங்கேதான். பிறந்ததிலிருந்து இதே ஊரில் இருக்கும் எனக்கு அது தோன்றவே இல்லை. போன் நான்கு நிமிடம் தேடி, தான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்த மறுநொடி பதினேழு பேருக்குச் செய்தி பறந்தது: "கிரிவலம் நிறைவு. நேரம்: 4 நிமிடம்."

மாமாவுக்கு முதல் போன் வேலூர் பெரியம்மாவிடமிருந்து.

"ஏன்டா, வேண்டுதல்னு சொல்லிட்டு ஆட்டோலயா சுத்துன?"

"ஐயோ அக்கா, நான் இன்னும் தேரடியே தாண்டல!"

(பதினான்கு கிலோமீட்டரை நான்கு நிமிடத்தில் ஆட்டோவும் சுற்றாது. அதை ஒருவரும் யோசிக்கவில்லை.) வழியெல்லாம் போன். மலைக்குப் பின்பக்கம், அடி அண்ணாமலையில் டீக்கடை எதிரே நின்று மாமா வீடியோ காலில் தன் வெறுங்காலைக் காட்டியிருக்கிறார். அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஓர் ஆட்டோ ஹாரன் அடித்திருக்கிறது. அதற்குமேல் யார் நம்புவார்கள்?

பத்து மணிக்கு மாமா நிஜமாகவே நடந்து முடித்தபோது செயலி வாயே திறக்கவில்லை. அதன் கணக்கில் அவர் எப்போதோ முடித்துவிட்டார். வீட்டுக்கு வந்தவரைப் பார்க்கத் தைரியமில்லாமல் நான் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அப்பா வண்டிச் சாவியை எடுப்பது கதவு வழியாகவே கேட்டது.

"பி.எட். ஃபார்ம் வாங்கினு வந்துடறேன்."

"இருங்க மச்சான்," என்றார் மாமா. "எம்பேர கெடுத்தவ இவ. இவளே சரி பண்ணித் தரட்டும். அடுத்த பௌர்ணமிக்கு மறுபடியும் நடக்கறேன். அதுவரைக்கும் இவள எங்கயும் சேக்காதீங்க."

அவருக்கு மானம், எனக்கு வாழ்க்கை. ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் தேவைப்பட்டது மூன்றே வரி: மலைக்குப் பின்பக்கம் போய்வந்தாரா என்று முதலில் கேள், பிறகு வாழ்த்து சொல். அடுத்த பௌர்ணமியன்று, "நேரம்: 4 மணி 50 நிமிடம்" என்று வந்ததை அப்பா மூன்று முறை படித்தார். பி.எட். பேச்சை அதன்பிறகு எடுக்கவில்லை. நானும் வகுப்புக்குத் திரும்பிப் போய், வாயை மூடிக்கொண்டு அந்தக் கால்குலேட்டரைச் செய்தேன்.

இன்றும் எங்கள் குடும்பத்தில் யார் எதைச் சீக்கிரம் முடித்தாலும், சமையலோ பரீட்சையோ, ஒரே கேள்விதான். இரண்டு வருடம் கழித்து, வேலை கிடைத்த செய்தியை முதலில் மாமாவுக்குத்தான் சொன்னேன். அவரும் அதையேதான் கேட்டார்:

"நடந்தா போன, ஆட்டோவா?"

"நடந்துதான் மாமா," என்றேன். அதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.