முதலில் அவர்கள் நிறுத்தட்டும்

நம் நடுவே ஓர் இனம் உலவுகிறது. கொம்பு கிடையாது, வால் கிடையாது, பார்த்தால் உங்களையும் என்னையும் போலத்தான் இருக்கும். தெருவில் குப்பை போடாதீர்கள் என்று சொல்லிப் பாருங்கள், "முன்னாடி போட்டவனைக் கேட்டீங்களா?" என்று கேட்கும். குழாயை மூடுங்கள் என்றால், அடுத்த வீட்டுத் தொட்டி வழிவதைக் காட்டும். இதற்கு 'அவர் முதலில்' இனம் என்று நானாகவே பெயர் வைத்திருக்கிறேன்.

இந்த இனத்தில் நன்றாகப் பழுத்த ஒருவரை எனக்குத் தெரியும். மின்சக்தித் துறையில் துணைச் செயலாளர். புகையைக் குறையுங்கள், நிலக்கரியை விடுங்கள் என்று பணக்கார நாடுகள் கடிதம் எழுதும்போதெல்லாம் பதில் எழுதுவது இவர்தான். என்ன பதில் என்கிறீர்கள்? எங்கள் தாத்தாக்கள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்த காலத்திலேயே நீங்கள் வானத்தைக் கரியாக்கத் தொடங்கிவிட்டீர்கள், எங்கள் நாட்டில் தலைக்கு விழும் புகை எவ்வளவு, உங்கள் தலைக்கு விழுவது எவ்வளவு, எங்களில் எத்தனையோ பேர் வீட்டில் இன்னும் விளக்கே எரியவில்லை, ஆகவே முதலில் நீங்கள் நிறுத்துங்கள், சூரிய மின்சாரத்துக்குப் பணத்தையும் எடுத்து வையுங்கள், அப்புறம் நாங்கள் யோசிக்கிறோம். நியாயமா, இல்லையா? நூற்றுக்கு நூறு நியாயம். நானே கை தட்டியிருக்கிறேன். அந்த நியாயத்தை மனிதர் அலுவலக மேஜையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். பையில் போட்டு வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

வீடு மூன்றாவது மாடியில். சாயங்காலமானால் மின்சாரம் போய்விடும். துணைச் செயலாளர் வீடு என்று அதற்குத் தெரியாது. பின்பக்க பால்கனியில் ஒரு ஜெனரேட்டர் வைத்திருந்தார். அதன் புகைக்குழாய், இவர் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் நடுவே காற்று வரட்டும் என்று விட்டிருந்த குறுகிய சந்துக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டில் ஒரு தையல்காரர், பெரிய குடும்பம், ஜெனரேட்டர் வாங்க வசதியில்லை. ஒருநாள் அவர் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"சார், புகையெல்லாம் எங்க ரூமுக்குள்ள வருது. குழாயைக் கொஞ்சம் வேற பக்கம் திருப்ப முடியுமா?"

"உட்காருங்க, சொல்றேன். எங்க வீட்டுல அஞ்சு பேர். வர்ற புகையை அஞ்சால வகுங்க. தலைக்கு என்ன விழுது? மேல் மாடியில காண்ட்ராக்டர் வீட்டுல ரெண்டே பேர், எவ்வளவு பெரிய மெஷின் ஓட்டுறார்! முதல்ல அவர் நிறுத்தட்டும்."

தையல்காரர் தலையாட்டிக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார். கேட்டதை மறக்கிற ஆள் இல்லை அவர்.

இவர் மனைவி சும்மா இருப்பாரா? "ஊருக்கெல்லாம் சூரியத் தகடுன்னு எழுதறீங்களே, நம்ம மொட்டைமாடியில ரெண்டு போட்டா என்ன?" என்று கேட்டார்.

"போடலாமே. உன் அண்ணன் பணம் குடுக்கட்டும். அவன் வீட்டுல நாய்க்குக்கூட ஏசி. பொறுப்பு யாருக்கு அதிகம், நீயே சொல்லு."

அண்ணனும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு கல்யாண வீட்டில் அத்தனை பேர் முன்னிலையிலும் எழுந்து நின்று, "கண்டிப்பா தரேன்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு அவர் போனை எடுப்பதில்லை.

இந்த லட்சணத்தில் வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது தையல்காரருக்கு நல்ல காலம் பிறந்தது. பள்ளிக்கூடச் சீருடைக்கு மொத்தமாக ஆர்டர் கிடைத்தது. வீட்டிலேயே மோட்டார் வைத்த மெஷின்கள் வந்தன. கூடவே எங்கேயோ பழையதாகப் பிடித்த ஒரு ஜெனரேட்டரும் வந்து சேர்ந்தது. அடேயப்பா, அது விட்ட புகை! அதன் குழாயும் அதே சந்துக்குள்தான் நீட்டியது.

துணைச் செயலாளருக்கு ஒரு பேரன், இரண்டு வயசு. மருமகன் கடல் கடந்து வேலையில் இருந்ததால் மகளும் குழந்தையும் இவரோடுதான் இருந்தார்கள். அமைச்சருக்கே முதுகு வளைக்காத மனிதர், பேரனுக்கு மட்டும் கூடத்தில் நாலு காலில் யானையாகப் போவார். அந்தக் குழந்தை உயிர் அவருக்கு. புகை இரட்டிப்பானதும் அதன் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "மருந்து தரேன். ஆனா புகை நிக்கணும். இல்லேன்னா குழந்தையை வேற இடத்துக்குக் கொண்டுபோயிடுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

மனிதர் பதறிப்போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"என்னய்யா இது, பக்கத்துல மனுஷன் குடியிருக்க வேண்டாமா?"

"வாங்க சார். எங்க வீட்டுல ஒன்பது பேர். ஒன்பதால வகுத்துப் பாருங்க, தலைக்கு ஒண்ணுமே விழலை. நீங்க எத்தனை வருஷமா ஓட்டுறீங்க, நான் இப்பதானே ஆரம்பிச்சிருக்கேன்!"

"விளையாடாதீங்க. குழந்தைக்கு மூச்சு விட முடியலை."

தையல்காரர் முகம் மாறிவிட்டது. "எங்க சின்னவளுக்கும் அப்படித்தான் இருந்துச்சு சார். அதுக்குத்தான் அன்னிக்கு உங்ககிட்ட வந்தேன்." கையை நீட்டினார். "சரி, நீங்க இன்னிக்கு நிறுத்துங்க, நானும் இன்னிக்கே நிறுத்துறேன். அப்புறம் ரெண்டு பேருமா சேர்ந்து மொட்டைமாடியில தகடு போட்டுக்குவோம்."

வேறு யாராக இருந்தாலும் அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார்கள். நம் ஆள் என்ன செய்தார்? யோசித்தார். நாம் இருவர் மட்டும் நிறுத்தினால் காண்ட்ராக்டருக்குத்தானே கொண்டாட்டம்? காண்ட்ராக்டரைப் போய்ப் பார்த்தார்கள். அவர் எதிர்க் கட்டடத்து ஓட்டலைக் கை காட்டினார். ஓட்டல் முதலாளி தெருமுனை ஐஸ் கம்பெனியைக் கை காட்டினார். உடனே குழு போடப்பட்டது. தலைவர் யார்? வேறு யார்! ஒரு சாயங்காலம் முழுவதும், தீர்மானத்தில் 'நிறுத்துவது' என்று எழுதுவதா, 'படிப்படியாகக் குறைப்பது' என்று எழுதுவதா என்று தொண்டை கிழிய விவாதித்தார்கள். கூட்டத்துக்கு வெளிச்சம் தந்தது ஜெனரேட்டர். கடைசியில் 'குறைக்க முயல்வது' ஏகமனதாக நிறைவேறியது.

வீடு திரும்பியபோது மகள் பெட்டி கட்டி முடித்திருந்தாள்.

"அத்தை வீட்டுக்குப் போறோம்ப்பா."

"கொஞ்சம் பொறும்மா, அடுத்த கூட்டத்துல முடிவு வந்துடும்."

"சுவிட்சு உங்க கைக்கெட்டுற தூரத்துலதானேப்பா இருக்கு? நீங்க அணைச்சா இவனுக்குப் பாதிப் புகையாவது குறையும்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பொய்க் கண்ணீர் இல்லை. விறுவிறுவென்று பால்கனிக்குப் போனார்; சுவிட்சில் கையும் வைத்துவிட்டார். வைத்த கையோடு சந்தின் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார், அவன் அணைத்துவிட்டானா என்று. அங்கே தையல்காரரும் தன் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். இரண்டு மெஷின்களும் ஓடின. கீழே கார் கிளம்பிப் போன சத்தம்கூட அவர் காதில் விழவில்லை.

பேரன் அங்கே போய் நன்றாக மூச்சு விடுகிறானாம். இங்கே வர மாட்டேன் என்கிறானாம். குழு மட்டும் தவறாமல் கூடுகிறது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். உங்களுக்குத் தெரிந்த யாரையோ அப்படியே உரித்து வைத்திருக்கிறது என்று தோன்றியிருக்கும். இதை மடித்து எதிர்வீட்டுக்காரர் கதவிடுக்கில் செருகிவிட்டு வரலாமா என்றுகூடக் கை பரபரக்கும். சிரமம் வேண்டாம். அவர் படித்து முடித்துவிட்டு, உங்கள் கதவிடுக்கில் செருக எழுந்து வந்துகொண்டிருக்கிறார்.