விடுவிக்கப்பட்ட பீரோ

டெபோராவின் கல்யாணச் சீராக வந்த பீரோ, நாங்குநேரியில் மாப்பிள்ளை வீட்டு வாசலைத் தாண்டவில்லை. தெருவிலேயே நின்றது.

"அடுத்த வாரம் கல்யாணம். ஆஸ்பத்திரிப் பீரோவையா வே கொண்டாந்து எறக்குதீரு?" என்றார் சம்பந்தி எலியேசர். கிரானைட் வியாபாரி, குரலும் கல் அறுக்கிற குரல்தான். "எங்க ஷிபின் தவழ்ந்து வளந்த தரை. அதுல இதை வைக்கணுமோ?"

பெண்ணின் அப்பா தேவசிகாமணி, பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரி ஸ்டோர் கிளார்க். ஸ்கேன் பிரிவில் கதிரியக்க மருந்து வைத்திருந்த பீரோ அது. கதிரியக்கத்தை அளந்து பார்த்து, இனிக் கட்டுப்பாடு தேவையில்லை என்று ஆஸ்பத்திரி விடுவித்த பிறகுதான் ஏலத்தில் எடுத்தார். எச்சரிக்கை ஸ்டிக்கரைச் சுரண்டிப் பச்சைப் பெயின்ட் அடித்தார். ஸ்டிக்கரின் தடம் மட்டும் மூன்று இறக்கை மின்விசிறி மாதிரி பெயின்ட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது.

"பயப்படாதீங்க சம்பந்தி, சர்டிபிகேட் இருக்கு."

எலியேசர் தெருவுக்கே கேட்க வாசித்தார். "'கதிரியக்கம் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மிகவும் கீழே உள்ளது.' அப்ப உள்ளதுல்லா! ஏலே ஷிபின், தள்ளி நில்லு லே!"

மாப்பிள்ளை தள்ளி நின்றான். எதிர்வீட்டு ஜன்னல்கள் அடைபட்டன.

"இதுக்கொரு முடிவு தெரியாம கல்யாணம் கெடையாது வே!"

பதறிப்போன தேவசிகாமணி, ஆஸ்பத்திரியின் கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி யாசரை மீட்டரோடு வரவழைத்தார்.

தெருவில் மீட்டர் பைய 'டிக்… டிக்' என்றது.

"சுத்தம். இந்த அளவு எங்கயும் இருக்கும். உள்ள கொண்டு போங்க."

நாலு பேர் தூக்கி, சிவப்பு கிரானைட் பளபளக்கிற ஹாலில் வைத்தார்கள். மீட்டர் கடுகாய்ப் பொரிந்தது.

"பாத்தீரா வே! தூக்குங்க லே வெளிய!"

வெளியே வந்ததும் மீட்டர் சாதுவாகிவிட்டது. மறுபடி உள்ளே கொண்டுபோனால் மறுபடி பொரிந்தது. தூக்கியவர்கள் வைத வசவு சர்டிபிகேட்டில் எழுதக்கூடியதல்ல.

பீரோ திரும்பவும் வெளியே போனபோது யாசர் ஹாலிலேயே நின்றுவிட்டார். பீரோ இல்லாத ஹாலிலும் மீட்டர் பொரிந்துகொண்டிருந்தது. குனிந்து தரையில் வைத்தார். இன்னும் வேகம்.

"கல்லுதான் அண்ணாச்சி. சில கிரானைட்ல இயற்கையாவே கொஞ்சம் கூட இருக்கும். பயப்பட ஒண்ணுமில்ல."

"எங்க கடைக் கல்லா?" எலியேசர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டார்.

பீரோவோடு வந்திருந்த டெபோராவின் அம்மா சாலோமி, தரையையும் ஷிபினையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு யாசரிடம் சொன்னாள்:

"பீரோ கெடக்கட்டும் தம்பி. தவழ்ந்து வளந்த தரைன்னு சொல்லுதாங்க… மாப்பிள்ளையைப் பைய அளந்து பாத்து, இதே மாதிரி ஒரு சர்டிபிகேட் எழுதிக் குடுங்க."