பயனாளி எண் 117 ஒத்துழைக்கவில்லை

"எங்க நைனாவோட மெஷினைக் கழட்டிக் குடுங்க சார்."

நாகரிகமுள்ள எந்த அலுவலகத்திலும், எந்த ஊழியரும், தம் இயக்குநரின் மூக்கைப் பார்த்து இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்க மாட்டார். நான் சொன்னேன். பணியில் சேர்ந்த அன்று என்னிடம் கையெழுத்து வாங்கிய ஏழு பக்க நடத்தை விதிகளில், நான்காம் பக்கத்தில், தடித்த எழுத்தில் இருந்தது: 'ஊழியர் தம் உறவினருக்காக எந்தக் கருவியையும் கோரலாகாது.' அதையே அம்மா வேறு சொற்களில் சொல்லி அனுப்பியிருந்தாள்: "ஆபீஸ்ல எதுவும் கேட்டுக்கினு நிக்காத. நம்ம வூட்லயே ஃபேனுக்குக் கீழ குந்தினு வேலை செய்ற மொத ஆளு நீதான். அத்தக் கெடுத்துக்காத."

இரண்டு சட்டங்களையும் ஒரே மூச்சில் மீறினேன். ஏன் என்று சொல்வதற்கு முன் எங்கள் நிறுவனத்தின் பெருமையைச் சொல்லிவிடுவதுதான் முறை.

உலகில் எல்லாருமே மக்களை விழித்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தூங்குங்கள் என்று சொல்லும் துணிச்சல் அடையாறில், ஒரு பழச்சாறுக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இயங்கும் 'இதயத் துயில் காப்பு மைய'த்துக்கு மட்டுமே உண்டு. சிலருக்குத் தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும். ஒரு மணி நேரத்தில் முப்பது தடவை, நாற்பது தடவை. ஒவ்வொரு தடவையும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், பிரஷர் ஏறும், ஏற்கெனவே அடி வாங்கிய இதயம் இன்னொரு அடி வாங்கும். இதற்கு ஒரு மெஷின் இருக்கிறது. செருப்பு டப்பா அளவுதான். அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் மூக்கை மூடும் மாஸ்க். காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். இதைப் போட்டால் அடுத்த அட்டாக் வரவே வராது என்று எந்த டாக்டரும் எழுதித் தர மாட்டார். ஆனால் தினமும் நாலு மணி நேரமாவது போடுகிறவர்களுக்குத்தான் ஏதாவது பலன் இருக்கும், பரண்மேல் வைப்பவர்களுக்கு இருக்காது என்று எல்லா டாக்டர்களும் சொல்வார்கள்.

ஏழை இதய நோயாளிகளுக்கு இந்த மெஷினை இலவசமாகத் தருவது எங்கள் மையம். கொடுப்பதோடு நிற்காமல், கொடுத்ததைக் கண்காணிக்கவும் செய்யும். மெஷினுக்குள் ஒரு சிம் உண்டு. யார் எத்தனை மணிக்கு மாட்டினார், எத்தனை மணிக்குக் கழற்றினார் என்று அதுவே அலுவலகத்துக்குச் சொல்லிவிடும். அது சொல்வதை அட்டவணையாக்குவது என் வேலை. புள்ளியியல் படித்தவள். எங்கள் குடும்பத்தில் 'புள்ளி' என்றால் அதுவரை கோலம்தான்.

பயனாளி எண் 117, பொன்னுரங்கம். என் நைனா. கொட்டிவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நைட் வாட்ச்மேன். ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து எங்களைத் தூக்கிப் பெரும்பாக்கத்து மறுகுடியமர்வுக் கட்டடத்தில் அடுக்கிய மறுவருஷம் அவருக்கு அட்டாக் வந்தது, ஸ்டென்ட் வைத்தார்கள். அவர் குறட்டையைக் கேட்டு, லிஃப்ட் ரிப்பேர் ஆகிவிட்டது போல என்று நம்பிப் பக்கத்து வீட்டார் வெளியே வந்து பார்த்திருக்கிறார்கள். பரிசோதித்தபோது மணிக்கு நாற்பத்திரண்டு தடவை மூச்சு நின்றது. மையம் மெஷின் கொடுத்தது. அவரைச் செக்கப்புக்கு அழைத்துப் போகப் போகத்தான் அங்கே எனக்கு வேலையும் கிடைத்தது.

முதல் நாள் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்தார். "இன்னா தமிழ்மொழி, பிளேன் ஓட்றவன் கணக்கா கீறேன்ல?"

"மூஞ்ச பாரு," என்றாள் அம்மா. "வண்டலூர் ஜூல வுட்டா கூண்டுல சேத்துப்பாங்க."

மூன்றாவது வாரம் படியேறிக்கொண்டே பேசினார். அதுவரை ஏறுவார், நிற்பார், பிறகு பேசுவார். பிரஷர் இறங்கியது. காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, கஞ்சி குடித்து, யூனிஃபார்மை ஆணியில் மாட்டி, எட்டரைக்கு மாஸ்க்கை முகத்தில் மாட்டினாரென்றால், மத்தியானம் மூன்று மணி வரை அசைய மாட்டார். ஒரு நாள் தவறியதில்லை. அவர் ராத்திரி டியூட்டியில் கண்ணை மூடியதும் இல்லை.

இங்கேதான் மையத்தின் அறிவு வேலை செய்தது.

தணிக்கைக்காக 'பயன்பாடு' என்பதை வரையறுக்க ஒரு கூட்டம் கூடியது. இயக்குநர் வைரவன் சார் தலைமை. அவர் கூட்டங்களைத் தொடங்கி வைப்பார், பிறகு நாற்காலியில் கண் மூடி ஆழ்ந்து சிந்திப்பார், மிக்சர் தட்டு வரும் சத்தத்தில் தெளிவார்.

"தூக்கம்னா என்ன? ராத்திரித் தூக்கம்," என்றார் தெளிந்ததும். "பகல்ல தூங்கறதுக்குப் பேரு சோம்பேறித்தனம். அதை நம்ம மையம் ஊக்குவிக்க முடியாது."

இரவு ஒன்பதரைக்குத் தொடங்குகிறதா, பத்துக்கா என்று ஒன்றரை மணி நேரம் விவாதித்தார்கள். பத்து வென்றது. பத்து முதல் ஆறு வரை மாஸ்க் மாட்டாதவர் 'ஒத்துழையாப் பயனாளி'; அவரிடமிருந்து மெஷின் திரும்ப வாங்கப்படும். நான் கை தூக்கினேன்.

"டேட்டாதான் பேசணும் தமிழ்மொழி, நீ பேசக் கூடாது," என்றார் சார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சிரித்ததைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

அன்று மாலையே அந்த விதியை அட்டவணையில் ஏற்றினேன். ஒத்துழையாதவர் வரிசை தானாகவே சிவப்பாகும்படி நான்தான் செய்தேன். பதினோரு வரிசை சிவந்தது. வாட்ச்மேன், ஆம்புலன்ஸ் டிரைவர், விடியற்காலை ரோடு கூட்டுகிறவர்கள், கல்யாண மண்டபங்களுக்கு விடிய விடிய பிரியாணி கிண்டும் அஃப்சருன்னிசா. இந்த நகரம் நிம்மதியாகத் தூங்க விழித்திருக்கும் பதினோரு பேரை, தூங்காத குற்றத்துக்காகக் கண்டுபிடித்துவிட்டோம். 117-க்கு நேரே: 0 மணி 0 நிமிடம்.

மெஷினை எடுத்துப்போக ஆள் வந்தபோது நைனா ஈரத் துணியால் அதைத் துடைத்து, குழாயைச் சுருட்டி, பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். சல்யூட் வேறு அடித்தாராம். மாஸ்க்கை மட்டும் 'தனிநபர் சுகாதாரம்' கருதி விட்டுப் போனார்கள். அது யூனிஃபார்முக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது.

"ஏன் நைனா குடுத்த?" என்றேன்.

"அவங்க பொருளு, கேட்டாங்க, குடுத்தேன். ராத்திரில தூங்கணுமாமே. நான் தூங்குனா கேட்ட யாரு பாக்கறது?"

அப்புறம் பத்தொன்பது நாள். அம்மா இரண்டு வீட்டுப் பாத்திர வேலையை விட்டுவிட்டு, காலை முழுக்க அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். குறட்டை நின்றால் தோளைப் பிடித்து உலுக்குவாள். மெஷின் செய்ததைக் கையால் செய்தாள். பத்தொன்பதாம் நாள் அவர் மூன்றாவது மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பிரஷர் நூற்றெண்பது. இதயத்துடிப்பு ஒழுங்கில்லை என்றார் டாக்டர். "மெஷின் குடுத்திருந்தாங்களே, எங்கேம்மா அது? இப்படியே விட்டா இன்னொரு அட்டாக்கை இவர் தாங்க மாட்டார்" என்று என்னைத்தான் பார்த்துக் கேட்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அலுவலகம் போய் மாத அட்டவணையைத் திறந்தேன். 117 பச்சையாக இருந்தது.

பயனாளி பொன்னுரங்கம், இரவு ஒன்றரை முதல் ஐந்தரை வரை, தினமும் தவறாமல் நாலு மணி நேரம் மாஸ்க் மாட்டித் தூங்கியிருக்கிறார். குறிப்புப் பத்தியில்: 'ஆலோசனைக்குப் பின் முழு ஒத்துழைப்பு. இதய நலத்தில் முன்னேற்றம்.' முன்தினம் மாலை அவர் ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரில் கிடந்தார்.

இதைப் புரிந்துகொள்ள, மையத்தின் மிக உயரிய திட்டமான 'பயன்பாட்டு மீட்சி' பற்றிச் சொல்ல வேண்டும். திரும்பி வந்த மெஷின்கள் சும்மா கிடந்தால் நன்கொடையாளர் கேள்வி கேட்பார். எனவே அலுவலகமே அவற்றை மாட்டிக்கொண்டு தூங்குவதென்று முடிவானது. மதியம் சாப்பிட்டதும் ஒன்றரைக்கு ஜன்னல் திரை இறங்கும். ஏசி பதினெட்டுக்குப் போகும். பதினோரு ஊழியர்கள், பதினோரு மெஷின்கள், ஐந்தரை வரை தியாகம். கடமைக்காக இவ்வளவு நேரம் கண் மூடிய அலுவலகம் வேறு எங்கும் இருக்க முடியாது.

சும்மா கிடக்கும் மெஷினுக்கு இது மீட்சிதான் என்று நானும் நினைத்தேன். புதிய மாஸ்க் கொடுத்தார்கள். எனக்கு எண் 83. ஆறு மதியங்கள் நானும் தூங்கினேன். நன்றாகத்தான் தூங்கினேன். யாருடைய மெஷின் என்று திருப்பிப் பார்க்கவில்லை. 83 அஃப்சருன்னிசாவுடையது.

ஸ்டோர் பொறுப்பாளர் ஜொவிட்டா மேடத்திடம் ஓடினேன். சாந்தோமிலிருந்து வருகிறவர், என்மேல் பிரியம் உள்ளவர்.

"மேடம், மெஷின் எல்லாம் பழைய பேர்லயேவா இருக்கு?"

"பேரை மாத்தினா திரும்ப வாங்கினது தெரிஞ்சிடுமேமா. ரிஜிஸ்டர்ல அவங்கவங்க வீட்லதான் இருக்கு."

"அப்ப மத்தியானம் தூங்கறது எப்படி ராத்திரின்னு விழுது?"

"கடிகாரத்தைப் பன்னிரண்டு மணி நேரம் தள்ளி வெச்சிட்டாங்க. சார் ஐடியா." குரலைத் தாழ்த்தினார். "நீ எதுவும் கேக்காத. ஒரு நல்ல வேலை கெடச்சிருக்கு உனக்கு."

"117 எங்க மேடம்?"

ஜொவிட்டா மேடம் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். "அது சார் மூக்குல இருக்குதும்மா."

மதியம் மூன்று மணி, எல்லாரும் மீட்சியில் இருக்கும் நேரம். கதவைத் தட்டாமல் திறந்தேன். வைரவன் சார் சோபாவில் நீட்டிப் படுத்திருந்தார். மார்பு சீராக ஏறி இறங்கியது. என் நைனாவுக்குக் கிடைக்க வேண்டிய மூச்சு எவ்வளவு அழகானது என்று அப்போதுதான் நேரில் பார்த்தேன். அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

சார் மாஸ்க்கைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டார். "தமிழ்மொழி, ரூல்ஸ் தெரியுமில்ல? சொந்தக்காரங்களுக்காகக் கேட்கக் கூடாது."

"சொந்தக்காரருக்குக் கேக்கல சார். 117-க்குக் கேக்கறேன்."

"அவர் ஒத்துழைக்கலையே."

"காலைல எட்டரைலருந்து மூணு வரைக்கும் ஒத்துழைச்சாரு சார். ஆறரை மணி நேரம்."

"அது பகல்."

"வாட்ச்மேனுக்கு எது சார் ராத்திரி?"

சார் யோசித்தார். "இப்படிப் பண்ணலாம். எல்லா வாட்ச்மேனும் டியூட்டியில தூங்கத்தானே செய்றான்? உங்கப்பாவையும் தூங்கச் சொல்லு. கேபின்ல பிளக் பாயின்ட் இருக்குமில்ல?"

"அவரு தூங்க மாட்டாரு சார்."

"பார்த்தியா? இதைத்தான் ஒத்துழையாமைன்னு சொல்றோம்."

"கடிகாரத்த தள்ளி வெச்சீங்கல்ல சார்? அத்தயே மெஷினு நைனா வூட்ல இருந்தப்பவே தள்ளி வெச்சிருந்தா?"

அலுவலகத்துக்காக நான் இஸ்திரி போட்டு வைத்திருந்த தமிழ் அங்கேயே கசங்கிவிட்டது. சார் உண்மையாகவே அதிர்ந்து எழுந்து உட்கார்ந்தார்.

"என்னம்மா பேசற? அது டேட்டா மோசடி ஆகாதா?"

ஒன்று சொல்ல வேண்டும், அவர் நடிக்கவில்லை. அப்படிப்பட்ட சுத்தமான மனசு. அந்த மனசுக்கு எதிரே நின்றபோதுதான், கூட்டத்தில் நானும் சிரித்தது ஞாபகம் வந்தது. ஆறு மதியத் தூக்கமும் ஞாபகம் வந்தது.

பிளக்கைப் பிடுங்கினேன். குழாயை அவர் நெற்றியிலிருந்த மாஸ்க்கிலிருந்து உருவினேன். மாஸ்க்கை அவருக்கே விட்டேன், தனிநபர் சுகாதாரம். நைனா செய்தது போலவே குழாயைச் சுருட்டிப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன். என் இடத்துக்குப் போய் 83-ஐயும் எடுத்துக்கொண்டேன். காலையில் அந்தப் பச்சை வரிசையைப் பார்த்ததுமே எழுதிக் கைப்பையில் வைத்திருந்த ராஜினாமா கடிதத்தை ஜொவிட்டா மேடத்தின் மேஜைமேல் வைத்தேன். அவர் அதைப் படிக்காமல், நான் மறந்துவிட்டிருந்த 83-இன் பவர் வயரை எடுத்துக் கொடுத்தார்.

சார் கதவு வரை வந்துவிட்டார். நெற்றியில் இன்னும் மாஸ்க். "இது திருட்டு! போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்புடுங்க சார். வந்தா ரிஜிஸ்டரத்தான் மொதல்ல பாப்பாங்க. ரெண்டு மெஷினும் எங்க கீதுன்னு அதுல எழுதிக்கீது."

யாரும் போன் எடுக்கவில்லை. ஹாலில் ஒன்பது பேர் மாஸ்க்கோடு படுத்திருந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் கண் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, கடமை கருதி மீண்டும் மூடிக்கொண்டார்.

இரண்டு கையிலும் பையோடு படியிறங்கி, பழச்சாறுக் கடையைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தேன். முதலில் அஃப்சருன்னிசா வீடு, பிறகு ஆஸ்பத்திரி. இதய நோயாளிகளுக்காக எங்கள் மையம் எழுதிய அந்த மகத்தான அறிக்கையில், நான் தெருவைக் கடந்தபோது, முதன்முறையாக இரண்டு வரிகள் உண்மையாகிக்கொண்டிருந்தன. மற்ற ஒன்பது பயனாளிகளின் மூச்சு மேலே, பதினெட்டு டிகிரியில், குறட்டையில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது.