பிறப்பைக் கேட்டால் இரங்கல்

"குழந்தை பிறந்திருக்கு சார். பிறப்புச் சான்றிதழ்னு அமுக்கினா 'ஆழ்ந்த இரங்கல்'னு வருது" என்றது தொலைபேசிக் குரல்.

நகராட்சி அலுவலகமே 'மூளை' என்று கூப்பிடும் புரோகிராமருக்கு உள்ளூர மனம் குளிர்ந்தது.

இணையதளத்தில் எந்த முகவரியைக் கேட்டால் எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று தீர்மானித்துவந்தது அவர் கைப்பட எழுதிய புரோகிராம். அதைத் தூக்கிவிட்டு, முகவரிக்கு நேராகப் பக்கத்தின் பெயரை எழுதி வைக்கும் வெறும் பட்டியல் போதும் என்றுவிட்டார் புது மேலாளர் அம்மா. இன்று முதல் பட்டியல்தான். வரும் புகார்களைக் கவனிக்க, இதுவரை வாசல் கவுன்டரில் இருந்த ஃபோனையும் மூளையின் மேசைக்கே மாற்றியிருந்தார்கள்.

"பட்டியலாம். நாம என்ன மளிகைக் கடையா நடத்துறோம்?" என்றார் மூளை.

"இப்ப என்ன சார் பண்றது?" என்றது ஃபோன் குரல்.

"நான்தான் முட்டுக்கொடுக்கணும். பட்டியல் தவறவிடுறதை என் புரோகிராம் பின்னாலேருந்து பிடிச்சுக்கும்."

பழைய புரோகிராமில் ஒரு வரி சேர்த்தார். அடுத்து ஒரு மணப்பெண் கூப்பிட்டாள்.

"திருமணப் பதிவுன்னு போட்டா, வெறிநாய்த் தடுப்பூசி போட்டாச்சான்னு கேக்குது. பக்கத்துல உக்காந்து அவரு சிரிக்கிறாரு சார்."

"பட்டியலோட லட்சணம் அப்படிம்மா."

இன்னொரு வரி சேர்த்தார். நாய்க்கு உரிமம் கேட்ட பெரியவரிடம் மணமகளின் வயதைக் கேட்டது இணையதளம். கடுப்பில் மூளை இன்னும் நாலு வரி தட்டினார். அதன்பின் எவர் எதைக் கேட்டாலும், மேலாளர் அம்மா கைகூப்பி வரவேற்கும் புகைப்படம் வந்து நின்றது.

அம்மா வியர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். "குப்பை வண்டி எப்ப வரும்னு கேட்டா ஏன் சார் என் போட்டோ வருது?"

"பட்டியலைக் கேளுங்க மேடம்."

"பழசுக்கே போயிடலாமா?"

மூளை நாற்காலியில் சாய்ந்து காலாட்டினார். "போகலாம். ஆனா யாரால இந்தக் கூத்துன்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டுப் போகலாம்."

ஊழியர்கள் கூடினார்கள். அம்மா தலைகுனிந்து, "என் தப்புதான். பட்டியலை நிறுத்திடுங்க" என்றார்.

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பெண் விழித்தாள்.

"எதை நிறுத்துறது மேடம்? காலையில கரண்ட் போனதால பட்டியலை ஏத்தவே இல்ல, நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். இன்னும் ஓடிட்டிருக்கிறது சாரோட புரோகிராம்தான்."